படுக்கை நனைக்கும் சிறுவரும் குற்றங் காணும் சமூகமும்: ஒரு வரலாற்று நோக்கு

சமூக வரலாறு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் வயல், ஆலை, சந்தை, சட்டசபை என்பவற்றையே தமது களமாகக் கொண்டுள்ளன. உறங்கும் இடமும் உறங்கும் குழந்தையும் வரலாற்றாசிரியரின் கண்ணிற்படுவது அரிது. எனினும், வீட்டின் உள்ளறையிலே நிகழ்ந்து, விடிந்ததும் கழுவிக் காயவைக்கப்பட்டு, வெளியாருக்குச் சொல்லப்படாது மறைக்கப்படும் ஒரு சிறு நிகழ்ச்சிகூடச் சமூக உறவுகளின் தன்மையைத் துலக்கிக் காட்டவல்லது. பாடசாலை செல்லும் பருவத்துச் சிறுவர் இரவிலே தம்மையறியாது படுக்கையிற் சிறுநீர் கழித்தல் அத்தகையதொரு நிகழ்ச்சியாகும்.

இதற்கு மனிதர் இட்ட பெயர்கள் காலத்துக்குக் காலம் மாறி வந்துள்ளன. நோய் என்றனர், கெட்ட பழக்கம் என்றனர், ஒழுக்கக் கேடு என்றனர், மனச் சிக்கல் என்றனர். பெயர் மாறியபோது சிறுவரை நடத்திய முறையும் மாறிற்று. எனவே ஈண்டு நாம் எழுப்பும் வினா இதுவாகும்: உறங்கிக் கொண்டிருக்கும் குழந்தை எப்பொழுது, எவ்வாறு குற்றவாளியாக்கப்பட்டது? மருத்துவ அறிவு வளராத காலத்தில் தண்டித்தனர், அறிவு வளர்ந்ததும் தண்டனை நீங்கிற்று என்பது எளிதான விடை. ஆனால் வரலாறு அவ்வாறு நேர்கோட்டிற் செல்லவில்லை. நனைந்த துணியைக் கழுவும் உழைப்பு யாருடையது, நனைந்த மெத்தை யாருடைய உடைமை என்னும் வினாக்களோடு இப்பிரச்சினை பிணைந்துள்ளது என்பதே எமது கருத்தாகும்.

பண்டை மருந்துகள்

கி.மு. 1550 அளவில் எழுதப்பட்டதும் ஏபர்ஸ் பப்பைரஸ் என வழங்கப்படுவதுமான எகிப்திய மருத்துவச் சுவடியிலேயே சிறுவரின் சிறுநீர் அடங்காமைக்கு மருந்து கூறப்பட்டுள்ளது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோம அறிஞர் பிளினி, அவித்த எலியைக் குழந்தையின் உணவிற் சேர்க்கும் வழக்கத்தைப் பதிவு செய்துள்ளார். அச்சியந்திரம் தோன்றிய பின் குழந்தை நோய்கள் பற்றி முதன்முதல் அச்சேறிய நூல் 1472இல் இத்தாலியின் பதுவா நகரில் வெளிவந்தது. அதனை இயற்றிய பவுலுஸ் பகெல்லார்துஸ் என்பாரும் இவ்விடயத்துக்கு இடமளித்துள்ளார். ஆங்கிலத்திற் குழந்தை மருத்துவம் பற்றி எழுதியோருள் முன்னோடியான தோமஸ் பேயர், 1545 அளவில் வெளிவந்த தம் நூலிலே படுக்கை நனைத்தலுக்கெனத் தனித்தலைப்பு வகுத்துள்ளார். சேவலின் மூச்சுக்குழலைச் சுட்டுப் பொடியாக்கிக் கொடுத்தல், முள்ளெலியின் உறுப்பைப் பொடியாக்கிக் கொடுத்தல் முதலியன அவர் கூறும் பரிகாரங்கள்.

இம்மருந்துகளைக் கண்டு இன்று நாம் நகைக்கலாம். ஆயின் நகைத்துவிட்டு அப்பாற் செல்வது ஆய்வாளருக்கு அழகன்று. இங்கு மனங்கொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. பேயரின் நூலிலே படுக்கை நனைத்தல், வயிற்றுப் பூச்சி, அம்மை முதலியவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணப்படுகின்றது. மருந்து பயனற்றதாயினும், குழந்தை அங்கு நோயாளியே, குற்றவாளியன்று. அறிவு குறைந்த காலத்திலும் பழி சுமத்தாத நோக்கு இயலக்கூடியதாயிருந்தது என்பதற்கு இது சான்றாகும்.

நிறுவனங்களின் எழுச்சி

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நிலைமை சிக்கலடைந்தது. மருத்துவம் ஒருபுறம் முன்னேறிற்று. பிரான்சிய மருத்துவர் ஆர்மன்ட் துரூசோ (1801–1867) பெலடோனா என்னும் மூலிகைச் சாரத்தைப் பரிந்துரைத்தார். சிறுநீர்ப்பைத் தசையின் இறுக்கத்தைத் தளர்த்தும் அதன் இயல்பைப் பிற்கால மருந்தியலும் ஏற்றுக்கொண்டது. ஆனால் அதே நூற்றாண்டிலேயே முதுகின் அடிப்புறத்திற் கொப்புளம் எழச் செய்தல், சிறுவரின் குறியை இறுக்கும் கருவிகளைப் பூட்டுதல் போன்ற கொடிய முறைகளும் மருத்துவத்தின் பெயராற் கையாளப்பட்டன. சிகிச்சைக்கும் தண்டனைக்கும் இடையிலான எல்லை மங்கலாயிற்று.

இம்மாற்றத்தைத் தனிப்பட்ட மருத்துவரின் கொடுமையாக மட்டும் விளக்குதல் போதாது. கைத்தொழிற் புரட்சியின் பின் ஐரோப்பாவிலே அநாதை இல்லம், ஏழையர் விடுதி, வைத்தியசாலை, விடுதிப் பாடசாலை என்பன பெருகின. நூற்றுக்கணக்கான சிறுவர் ஒரே கூரையின் கீழ்ப் படுத்துறங்கும் நிலை உருவாயிற்று. வீட்டிலே ஒரு தாய் சலிப்போடோ பொறுமையோடோ செய்த கழுவுதல், நிறுவனத்திலே கூலி உழைப்பாகவும் செலவுக் கணக்காகவும் மாறிற்று. ஒரு படுக்கை நனைந்தால் அது ஒழுங்கின் மீறல். பத்துப் படுக்கைகள் நனைந்தால் அது நிர்வாகத்தின் தோல்வி. நிர்வாகம் தன் தோல்வியை ஒப்புக்கொள்வது அரிது; குழந்தையின் சோம்பலையும் பிடிவாதத்தையும் குறை கூறுவது எளிது.

ஜோர்ஜ் ஓர்வெல் என்னும் புனைபெயரால் அறியப்பட்ட எரிக் பிளேயர் 1911இல், எட்டு வயதில், இங்கிலாந்தின் தென்கரையிலிருந்த ஒரு விடுதிப் பாடசாலையிற் சேர்க்கப்பட்டார். அங்குப் போய்ச் சில நாட்களில், நின்றுபோயிருந்த படுக்கை நனைத்தல் மீண்டும் தொடங்கியதாகவும், அதற்காகத் தாம் பிரம்படி பட்டதாகவும் அவர் எழுதிய நினைவுக் கட்டுரை, அவர் இறந்த பின் 1952இல் வெளிவந்தது. அக்கட்டுரையின் விவரங்கள் அனைத்தையும் அவருடன் பயின்றோர் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதையும் நாம் கூறவேண்டும். எனினும் அதன் மையக் கருத்து ஆழமானது. தான் விரும்பாமலும் அறியாமலும் தவிர்க்க வழியின்றியும் ஒருவன் பாவஞ் செய்துவிட முடியும் என்னும் எண்ணமே அத்தண்டனை அச்சிறுவன் உள்ளத்தில் விதைத்த பாடமாகும். நடத்தையைத் திருத்தும் நோக்குடன் அளிக்கப்பட்ட அடி, நடத்தைக்கும் குற்றத்துக்குமிடையே இருக்கவேண்டிய தொடர்பையே அழித்துவிட்டது. புதிய இடம், பிரிவு, அச்சம் ஆகியவற்றாற் பிறந்த ஒன்றை மேலும் அச்சத்தாற் போக்க முயன்றமை அம்முறையின் முரண்பாடாகும்.

மணியும் மனப்பகுப்பும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரு வேறு வழிகள் தோன்றின. 1904இல் மெயின்ஹார்ட் பவுண்ட்லர் என்னும் குழந்தை மருத்துவர் ஒரு மின்மணிக் கருவியை அறிமுகப்படுத்தினார். விரிப்பு நனைந்தவுடன் மின்சுற்று இணைந்து மணி ஒலிக்கும். வைத்தியசாலையிலே எக்குழந்தையின் துணியை மாற்றவேண்டும் எனத் தாதியருக்கு அறிவிப்பதே அதன் நோக்கம். அஃதாவது, அது நோய் தீர்க்கப் பிறந்த கருவியன்று. தாதியரின் உழைப்பை ஒழுங்குபடுத்தப் பிறந்த கருவி. ஆனால் அதனைப் பயன்படுத்திய குழந்தைகள் சிலரிடம் படுக்கை நனைத்தல் குறைவதை அவர் கண்டார். குழந்தையைக் குறை கூறாது, கழுவும் வேலையை வேலையாகவே கருதி அணுகிய இடத்திலேதான் பயனுள்ள சிகிச்சையொன்றின் வித்து கிடைத்தது என்பது குறிப்பிடத்தக்கது.

மற்றைய வழி உளப்பகுப்பாய்வு. சிக்மன்ட் பிராய்ட் 1905இல் வெளியிட்ட நூலிலே படுக்கை நனைத்தலைக் குழந்தைப் பருவப் பாலுணர்வோடு தொடர்புபடுத்தினார். அவர்வழி வந்தோர் பலர் இதனை ஆழ்மனப் போராட்டத்தின் வெளிப்பாடாகக் கொண்டனர். பிரம்பைக் கீழே வைக்கச் செய்தமை இந்நோக்கின் நன்மை. ஆயின் பழி முற்றாக நீங்கவில்லை. அது குழந்தையின் ஒழுக்கத்திலிருந்து தாயின் வளர்ப்புக்கு இடம் மாறியது. துணி கழுவிய கையே இப்பொழுது காரணமாகவும் காட்டப்பட்டது.

1938இல் அமெரிக்க உளவியலாளரான ஹோபார்ட் மௌரரும் அவர் மனைவி வில்லி மே மௌரரும் மணிக் கருவியை மீண்டும் ஆராய்ந்தனர். பவ்லோவின் வழிவந்த கற்றற் கொள்கையைக் கொண்டு அதன் செயற்பாட்டை விளக்கினர். சிறுநீர்ப்பை நிரம்பும் உணர்வோடு விழித்தெழுதல் படிப்படியாக இணைக்கப்படுகின்றது என்பது அவர்தம் விளக்கம். 30 சிறுவரிடம் இதனைக் கையாண்டு வெற்றி கண்டதாக அவர்கள் எழுதினர். ஒரு குறியை நீக்கினால் மனச் சிக்கல் வேறொரு குறியாகத் தலைகாட்டும் என்னும் உளப்பகுப்பாய்வாளரின் எதிர்பார்ப்பு மெய்ப்படவில்லை.

1939: திறந்த யன்னல்கள்

மௌரரின் கட்டுரை வெளிவந்த அடுத்த ஆண்டிலே இப்பிரச்சினை பிரித்தானியாவில் ஒரு தேசிய விவகாரமாயிற்று. குண்டுவீச்சுக்கு அஞ்சிய அரசு 1939 செப்டெம்பர் 1ஆந் திகதி முதல் பெருநகர மக்களை நாட்டுப்புறங்களுக்கு அனுப்பத் தொடங்கியது. சில நாட்களுள் ஏறத்தாழ 15 இலட்சம் பேர் அரசின் ஏற்பாட்டில் இடம் மாறினர். அவர்களுள் ஏறத்தாழ 827,000 பேர் பெற்றோரைப் பிரிந்து சென்ற பாடசாலைச் சிறுவர். புகையிரதங்களும் நேரசூசிகளும் நுணுக்கமாகத் திட்டமிடப்பட்டன. ஆனால் அச்சிறுவர் அன்றிரவு உறங்குவர் என்பதும் உறக்கத்தில் என்ன நிகழலாம் என்பதும் திட்டமிட்டோர் கருத்தில் அவ்வளவாக இடம்பெறவில்லை. நீர் புகாத விரிப்புகள் தொடக்கத்திற் போதியளவு இருக்கவில்லை.

சில வாரங்களுள் முறைப்பாடுகள் குவிந்தன. சிறுவரை ஏற்ற வீட்டாருக்கு அரசு வழங்கிய வாராந்தக் கொடுப்பனவு, ஒரு பிள்ளையெனில் 10 சிலிங் 6 பென்ஸ். ஒன்றுக்கு மேற்பட்டோரெனில் ஒவ்வொருவருக்கும் 8 சிலிங் 6 பென்ஸ். உணவுக்கும் உறைவிடத்துக்குமே அது பற்றாது என்றனர் பலர்; பழுதான மெத்தைக்கும் நாள்தோறும் கழுவவேண்டிய விரிப்புக்கும் அதில் இடமேது? யன்னல்தோறும் படுக்கைகள் வெயிலில் தொங்கின. பத்திரிகைகளிலும் பாராளுமன்றத்திலும் பேச்சு எழுந்தது. 1940இல் மாதர் நிலையங்களின் தேசியச் சம்மேளனம், நகரத்துச் சிறுவரை நாட்டுப்புறத்தார் கண்கொண்டு நோக்கும் அறிக்கையொன்றை வெளியிட்டது. பேனும் அழுக்கும் நனைந்த படுக்கையும் அதிற் பெரும் இடம் பெற்றன.

இந்த விவாதத்தின் வர்க்கத் தன்மை வெளிப்படையானது. வசதியுள்ளோர் பலர் தம் பிள்ளைகளை உறவினர் வீட்டுக்கோ தூர நாட்டுக்கோ சொந்தச் செலவில் அனுப்பிவிட்டனர். அரசின் புகையிரதத்திற் சென்றோருட் பெரும்பாலார் இலண்டன், லிவர்பூல், கிளாஸ்கோ முதலிய நகரங்களின் உழைக்கும் மக்களின் பிள்ளைகள். ஆகவே, படுக்கை நனைத்தல் சேரி வளர்ப்பின் அடையாளம் என்னும் முடிவு எளிதாக எட்டப்பட்டது. எட்டு வயதில் அதே காரணத்துக்காகப் பிரம்படி பட்ட ஓர்வெல், கட்டணம் செலுத்திப் பயிலும் பாடசாலையின் மாணவர் என்பதை எவரும் எண்ணிப் பார்த்ததில்லை. செல்வர் வீட்டிலே இரகசியமாயிருந்தது, ஏழையர் பிள்ளையிடத்தே சமூகக் குற்றமாயிற்று.

உண்மைக் காரணங்கள் யாவை? தாயைப் பிரிந்த துயர், அறியாத வீடு, எந்நேரமும் குண்டு விழலாம் என்னும் அச்சம், விளக்கணைப்புச் சட்டத்தால் இருண்ட ஊர், முற்றத்துக்கு அப்பால் இருளில் நின்ற மலசலகூடம். பல குடும்பங்கள் ஒரு மலசலகூடத்தைப் பகிர்ந்துகொண்ட நகரக் குடியிருப்பிலிருந்து வந்த சிறுவன், அந்நியரின் வீட்டில் நள்ளிரவிலே யாரை எழுப்பி வழி கேட்பான்? 1939 டிசெம்பரிலேயே பௌல்பி, மில்லர், வின்னிகொட் ஆகிய மூவர் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகைக்கு எழுதிய கடிதத்திலே, சிறு குழந்தைகளைத் தாயரிடமிருந்து பிரிப்பதன் ஆபத்தைச் சுட்டிக்காட்டினர். அனா பிராய்டும் டொரதி பர்லிங்ஹமும் இலண்டன் ஹாம்ஸ்ரெட்டில் நடத்திய போர்க்காலக் குழந்தை இல்லங்களிலும், பிரிவுற்ற குழந்தைகள் முன்னர்ப் பயின்ற தூய்மைப் பழக்கங்களை இழத்தல் பதிவு செய்யப்பட்டது.

பின்னர் ஏற்பட்ட மாற்றமே எமது ஆய்வுக்கு முக்கியமானது. அரசு, சலவைக்கும் சேதத்துக்கும் மேலதிகக் கொடுப்பனவு வழங்க முன்வந்தது. நீர் புகாத விரிப்புகளைப் பகிர்ந்தளித்தது. வீடுகளில் வைத்திருக்கவியலாத சிறுவருக்குத் தனி விடுதிகளை அமைத்தது. புதிய சூழலுக்குப் பழகியபோது சிறுவர் பலரிடம் பிரச்சினை தானே தணிந்தது. 1950இல் ரிச்சார்ட் ரிற்மஸ் எழுதிய போர்க்காலச் சமூகக் கொள்கை பற்றிய அதிகாரபூர்வ வரலாறு இவ்விடயத்தை விரிவாக ஆராய்கின்றது. போர்க்கால வெளியேற்றம் ஏழ்மையை நாட்டின் கண்முன் நிறுத்திச் சமூக நலக் கொள்கைக்கு வழிகோலியது என்னும் அவரது முடிவைப் பிற்கால வரலாற்றாசிரியர் சிலர் மறுத்துள்ளனர். பழைய வர்க்க வெறுப்பு மேலும் வலுப்பெற்றது என்பது அவர்தம் வாதம். இரண்டிலும் உண்மையுண்டு எனலாம். 1943இல் வெளிவந்த 'நமது நகரங்கள்' என்னும் ஆய்வறிக்கை வீட்டு வசதியின்மையை விரிவாக எடுத்துக் காட்டியபோதும், 'பிரச்சினைக் குடும்பம்' என்னும் பழிச்சொல்லைக் கைவிடவில்லை.

எவ்வாறாயினும், நாட்டுப்புறப் பெண்ணின் சினத்தை வெறும் மனிதாபிமானமின்மை எனத் தள்ளிவிடலாகாது. தண்ணீர்க் குழாயற்ற வீட்டிலே குளிர்காலத்தில் நாள்தோறும் விரிப்புக் கழுவியவள் அவளே. அவளது உழைப்புக்கு விலையிருக்கவில்லை. அதனாற் சினம் குழந்தைமேற் பாய்ந்தது. உழைப்பு உழைப்பாக ஏற்கப்பட்டபோது, குற்றச்சாட்டின் தேவையும் ஓரளவு குறைந்தது.

அறிவியல் தந்த விடை

போருக்குப் பின் ஆய்வாளர் எண்ணத் தொடங்கினர். 1946 மார்ச்சில் ஒரே வாரத்திற் பிறந்த பிரித்தானியக் குழந்தைகளைத் தொடர்ந்து அவதானித்த பேராய்வு, படுக்கை நனைத்தல் எல்லா வகுப்பாரிடத்தும் காணப்படும் பொது நிகழ்ச்சி என்பதைத் தெளிவாக்கிற்று. ஐந்து வயதில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 சிறுவரும் பத்து வயதில் ஏறத்தாழ 5 பேரும் இவ்வாறிருப்பர் என்பது இன்று பொதுவாக ஏற்கப்படுகின்றது. 1974இல் போர்சைத், ரெட்மன்ட் ஆகியோர் 1,129 சிறுவரை ஆராய்ந்து, ஆண்டுதோறும் ஏறத்தாழ ஏழில் ஒருவர் சிகிச்சையின்றியே குணமடைவதைக் காட்டினர். பெற்றோர் இருவருக்கும் சிறுவயதில் இந்நிலை இருந்திருப்பின் பிள்ளைகளில் நூற்றுக்கு 77 பேருக்கும், ஒருவருக்கு மட்டும் இருந்திருப்பின் 44 பேருக்கும் அது உண்டாவதை பக்வின் கண்டார். 1985இல் டென்மார்க் ஆய்வாளர், இரவிலே சிறுநீரைக் குறைக்கும் ஓமோன் இச்சிறுவர் பலரிடம் போதியளவு உயர்வதில்லை என அறிவித்தனர். 1995இல் அந்நாட்டிலேயே 13ஆம் நிறமூர்த்தத்தோடு பரம்பரைத் தொடர்பு சுட்டப்பட்டது. இரவில் மிகுதியாகச் சுரக்கும் சிறுநீர், அதனைத் தாங்காத சிறுநீர்ப்பை, நிரம்பிய உணர்வுக்கு விழித்தெழாத உறக்கம் என்பனவே இதன் மூலங்கள். இவற்றுள் ஒன்றேனும் சிறுவனின் விருப்பத்துக்கு உட்பட்டதன்று.

இவ்வறிவின் அடியாகப் பிரித்தானியாவின் 'நைஸ்' நிறுவனம் 2010இல் வெளியிட்ட வழிகாட்டல், சிறுவரைத் தண்டித்தலாகாது எனத் திட்டமாகக் கூறுகின்றது. பகலிற் போதிய நீர் அருந்தச் செய்தல், தேநீர், கோலா போன்றவற்றைத் தவிர்த்தல், பகலில் ஒழுங்காகவும் படுக்குமுன்னும் சிறுநீர் கழிக்கப் பழக்குதல், மலச்சிக்கலைத் தீர்த்தல் என்பன முதற் படிகள். பாராட்டோ பரிசோ அளிப்பதாயின், அது படுக்குமுன் மலசலகூடம் செல்லுதல் போன்ற, பிள்ளையால் இயன்ற செயலுக்கே உரியது. நனையாத இரவுக்கு அன்று. நள்ளிரவிற் பிள்ளையைத் தூக்கிச் செல்வதாற் துணி தப்பலாம். நிலையான குணம் கிட்டாது. இவை போதாவிடத்து முதலிற் கருதப்படுவது மணிக் கருவியே. அதனைப் பயன்படுத்தும் சிறுவரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் நனையாத நிலையை எய்துவர்; அவர்களுட் சிலருக்கு மீண்டும் தொடங்குவதுமுண்டு. டெஸ்மோபிரெசின் என்னும் மருந்து விரைவிற் பயன் தரினும், நிறுத்தியபின் பழைய நிலை பெரும்பாலும் திரும்பும். அதனை மருத்துவரின் மேற்பார்வையிலேயே, இரவு நீர் அருந்துதலைக் கட்டுப்படுத்திக் கொடுத்தல் வேண்டும். ஆறு மாதமேனும் நனையாதிருந்த பிள்ளை மீண்டும் தொடங்கினாலோ, பகலிலும் கசிவு, வலி, மிகுந்த தாகம் என்பன காணப்பட்டாலோ வைத்தியரிடம் காட்டுதல் அவசியம். நீரிழிவு, சிறுநீர்த்தொற்று, மனத்துயர் ஆகியன காரணமாயிருக்கலாம்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. சேவலின் மூச்சுக்குழலைப் பொடியாக்கிய பேயரின் காலத்திற் குழந்தை நோயாளியாயிருந்தது. அறிவு வளர்ந்த பத்தொன்பதாம் நூற்றாண்டின் நிறுவனங்களிலே அது குற்றவாளியாயிற்று. ஆகவே, அறிவு மட்டும் பழியை நீக்கிவிடாது. கழுவும் சுமை எவர்மீது, எவ்வித உதவியுமின்றிச் சுமத்தப்படுகின்றதோ, அவரின் களைப்பே குற்றச்சாட்டாக உருமாறுகின்றது.

இவ்வுண்மை எமக்கு அந்நியமானதன்று. 1995இல் வலிகாமத்திலிருந்து ஓரிரவிற் புறப்பட்டு வீதியிலும் பாடசாலை மண்டபங்களிலும் உறங்கிய மக்களும், 2009இல் வவுனியா முகாம்களில் அடைபட்ட மக்களும் எம்மவரே. தறப்பாள் கூடாரத்தினுள், ஒரு பாயிற் பலர் படுத்த நிலையிலே, ஒரு வாளித் தண்ணீருக்கு வரிசையில் நின்ற தாய்க்கு நனைந்த பாய் எத்தகைய சுமையாயிருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. அந்நிலையில் ஓங்கிய கையைக் கண்டிப்பதற்கு முன், அக்கைக்கு நீரும் சவர்க்காரமும் மாற்றுப் பாயும் கிடைத்தனவா என வினவுதலே சமூக நோக்குடையோர் கடனாகும்.

எமது வீடுகளிலும் விடுதிகளிலும் இன்றும் பாயை நனைத்த பிள்ளையை உடன்பிறந்தார் முன்னிலையில் நகைத்தலும், அதட்டுதலும், அடித்தலும் முற்றாக ஒழிந்தன என நாம் துணிந்து கூறமாட்டோம். விடியற்காலையில் விழித்து, நனைந்ததை உணர்ந்து, யாருங் காணாது பாயைச் சுருட்டி மறைக்க முயலும் பிள்ளையின் அச்சம், அவன் செய்த எச்செயலிலிருந்தும் பிறந்ததன்று. நாம் அவனுக்குக் கற்பித்ததேயாகும். ஆகவே அதனைப் போக்கும் கடனும் எம்முடையதே.